கிளட்சை மறந்த இறக்கம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஐப்பசி மாதம், குரங்கணிக்கு மேலே மலைச் சரிவில் இருக்கும் எங்கள் ஏலத்தோட்டத்தில் தொடங்கியது இது. நடந்ததை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொல்லி முடித்ததில்லை. பாதி சொல்வதற்குள் கேட்பவர்கள் "நீ செஞ்சதுதான் சரி" என்றோ, "என்ன இருந்தாலும் அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது" என்றோ தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கே இன்னும் தெரியாத ஒன்று அவர்களுக்கு மட்டும் எப்படி அவ்வளவு சீக்கிரம் தெரிந்துவிடுகிறது என்பது புரிவதே இல்லை.

எங்களுக்கு ஊர் போடி. கணவருக்கு ஏலக்காய் வியாபாரம். கடையோடு, மலையில் ஒரு சின்னத் தோட்டத்தையும் குத்தகைக்கு எடுத்து வைத்திருக்கிறார். அன்று எங்கள் சரக்கு ஏலத்துக்கு வந்திருந்ததால் கணவரும் மாமனாரும் ஏல மையத்தில் இருந்தாக வேண்டும். தோட்டத்திலோ காய்ப் பறிப்பு. பறித்த காயை எடை போடும்போது வீட்டு ஆள் ஒருவர் நிற்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். மாமியாருக்கு முழங்கால் வலி. என்னைப் போகச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எல்லோரும் சும்மா இருந்தார்கள், அவ்வளவுதான். அந்தச் சும்மா இருப்பதைத் தாங்க முடியாமல், "நான் போறேன்" என்று நானே சொன்னேன்.

மகளுக்கு அப்போது இரண்டு வயதும் சில மாதங்களும். அவளை விட்டுவிட்டுப் போவதா, தூக்கிக்கொண்டு போவதா என்று விடியும் வரை யோசித்தேன். காலையில் அவள் என் சேலையை விடவே இல்லை. தூக்கிக்கொண்டேன்.

"பாப்பாவையுமா கூட்டிட்டுப் போற?" என்றார் மாமியார்.

"விட்டுட்டுப் போகட்டுமா அத்தை?"

"உன் இஷ்டம்."

அந்த 'உன் இஷ்டம்' என்கூடவே ஜீப்பில் ஏறிக் குரங்கணி வரைக்கும் வந்தது.

ஜீப் எங்களுடையதுதான். பழசு. ஓட்டுபவர் எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வரும் டிரைவர் அண்ணன், ஐம்பது வயதுக்காரர். குரங்கணி தாண்டித் தார் ரோடு முடிந்ததும் பாதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. கல்லும் சேறும் வேரும்தான். ஒரு பக்கம் மண் மேடு, இன்னொரு பக்கம் மரங்களின் உச்சி மட்டும் தெரியும் பள்ளம். அதுவரை இரண்டு முறைதான் அங்கே போயிருந்தேன். இரண்டு முறையும் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். இந்த முறை மடியில் மகள். கண்ணை மூட மனம் வரவில்லை. அதனால் டிரைவர் அண்ணனின் கையையும் காலையும் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் தப்புச் செய்தால் நான் கண்டுபிடித்துவிடப் போகிறேன் என்பது போல.

"பிரேக்கெல்லாம் நல்லா இருக்காண்ணே?"

"இருக்கும் தாயி."

"இருக்கும்னா?"

"இருக்குன்னு அர்த்தம். நீ ஏன் எங் காலையே பாத்துக்கிட்டு வர்ற? வெளிய பாரு, எம்புட்டு அழகா இருக்கு."

ஓர் இடத்தில் நிறுத்தி, கியருக்குப் பக்கத்தில் இருந்த குட்டைக் கம்பி ஒன்றைப் பின்னால் இழுத்தார். என்ன அது என்று கேட்டேன். அதை இழுத்தால்தான் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், வண்டி நத்தை மாதிரி ஊரும், ஆனால் எதிலும் ஏறும் என்றார். அதற்குப் பிறகுதான் சறுக்குப் பாறை வந்தது. பாதையே ஒரே பாறையாகச் சரிந்து கிடக்கும் இடம். மேலே எங்கோ கசியும் தண்ணீர் எப்போதும் அதன்மேல் வழிந்துகொண்டிருக்கும். அங்கே ஏறும்போதும் சரி, இறங்கும்போதும் சரி, ஜீப்பில் டிரைவரைத் தவிர யாரும் உட்காருவதில்லை. எல்லோரும் இறங்கி, வண்டியில் கிடக்கும் மரக்கட்டையை ஒருவரும் ஆளுக்கொரு கல்லை மற்றவர்களும் எடுத்துக்கொண்டு, சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடப்பார்கள். வண்டி வழுக்கினால் உடனே சக்கரத்துக்கு அடை கொடுக்க வேண்டும். அன்று நானும் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கல்லோடு நடந்தேன். என் கல் மிகச் சின்னது என்று டிரைவர் அண்ணன் சிரித்தார்.

தோட்டத்தில் பறிக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஏலக்காய் செடியின் தூரில், மண்ணை ஒட்டிக் காய்ப்பது. அதனால் குனிந்தும் குத்தவைத்தும்தான் பறிக்க வேண்டும். மகளுக்கு அது பெரிய விளையாட்டாகிவிட்டது. இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்ட ஓர் அக்கா அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, "பச்சையா இருக்குன்னு பிஞ்சையெல்லாம் பறிச்சிராத ஆத்தா, உங்கப்பன் எங்களுக்குத்தான் கூலியக் குறைப்பாரு" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் மேல் தோட்டத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். அவர்கள் வண்டி சேற்றில் புதைந்துவிட்டதாம். கூப்பிட்டால் போகாமல் இருப்பது மலையில் வழக்கமில்லை. "வெரசா வந்துர்றேன் தாயி" என்று டிரைவர் அண்ணன் அவருடன் நடந்து ஏறிப் போனார். சாவி வண்டியிலேயே தொங்கியது. அங்கே யாரும் சாவியை எடுத்துப் போவதில்லை.

அதன் பிறகுதான் மகள் வீறிட்டாள்.

ஓடிப்போய்த் தூக்கினேன். இடது கணுக்காலுக்கு மேலே இரண்டு சிவப்புப் புள்ளிகள். ஒன்றிலிருந்து ரத்தம் மெல்லிசாகக் கசிந்தது. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் செடியைத் தவிர ஒன்றும் இல்லை. எதையும் யாரும் பார்க்கவில்லை.

"அட்டை கடிச்சிருக்கும்."

"அட்டை கடிச்சா பிள்ளைக்கு வலிக்குமாக்கும்? முள்ளு கிழிச்சிருக்கு."

"இந்தச் செடியிலதான் முந்தாநாளு பச்சை விரியன் கெடந்துச்சு."

கடைசியாகச் சொன்னவர் ஒல்லியான ஓர் அக்கா. சொன்ன உடனே மற்றவர்கள் அவரைத் திட்டினார்கள். "வாயக் கழுவுடி" என்றார் மூக்குத்தி அக்கா. ஆனால் அவரும் மகளின் காலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கல்யாணத்துக்கு முன்பு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக வேலை பார்த்திருக்கிறேன். எங்கள் ஆசிரியர் அறைச் சுவரில் முதலுதவிப் படம் ஒன்று தொங்கும். பாம்பு கடித்தால் கட்டக் கூடாது, கீறக் கூடாது, கடிபட்டவரை நடக்க விடக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அது எனக்கு மனப்பாடம். ஆனால் கடித்தது பாம்புதானா என்று தெரியாவிட்டால் என்ன செய்வது என்று அந்தப் படத்தில் இல்லை. ஒருவர் துணியைக் கிழித்துக் கட்ட வந்தார். வேண்டாம் என்று தடுத்தேன். தடுத்த மறு நிமிஷமே, கட்டியிருக்கலாமோ என்று தோன்றியது.

செல்போனில் சிக்னல் இல்லை. டிரைவர் அண்ணனைக் கூட்டி வர ஒருவர் மேலே ஓடினார். அவர் போய்ச் சேர்ந்து, அண்ணன் இறங்கி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். "இந்தா வந்துருவாரு" என்றார் ஒருவர். "சாயங்காலம் ஆயிரும்" என்றார் இன்னொருவர். இரண்டையும் ஒரே உறுதியோடு சொன்னார்கள்.

மகள் அழுகையை நிறுத்தியிருந்தாள். என் தோளில் தலையைச் சாய்த்தாள். வாயில் விரலைப் போட்டாள். அது அவள் தினமும் தூங்கும் நேரம்தான். ஆனால் விஷம் ஏறினாலும் தூக்கம் வரும் என்று எங்கோ கேள்விப்பட்டிருக்கிறேன். இது எந்தத் தூக்கம்?

எனக்குக் கார் ஓட்டத் தெரியும். லைசென்ஸ் இருக்கிறது. கணவரின் சின்னக் காரைத் தேனி வரைக்கும் ஓட்டிப் போயிருக்கிறேன். அதிலும் எதிரில் பஸ் வந்தால் ஓரம் கட்டி நின்றுவிடுவேன். ஜீப்பின் ஸ்டீயரிங்கைத் தொட்டதுகூட இல்லை. அப்படிப்பட்ட நான் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். ஏறும்போது ஒரு முடிவோடு ஏறியதாக எனக்கு நினைவில்லை. மகளை மூக்குத்தி அக்காவிடம் கொடுத்து, "முன்னாடி உக்காருங்கக்கா, அவ காலை ஆட்டாமப் பிடிச்சுக்கங்க" என்றேன். மற்றவர்கள் பின்னால் ஏறிக்கொண்டார்கள். யாரையும் நான் வரச் சொல்லவில்லை.

குட்டைக் கம்பி இழுத்தபடியே இருந்தது. சாவியைத் திருப்பினேன், கிளம்பியது. ஏறி வரும்போது பயத்தில் பார்த்த டிரைவர் அண்ணனின் கையும் காலும் இப்போது அப்படியே கண் முன்னால் வந்தன. முதல் கியரிலேயே வைத்திருந்தார். எதையும் வேகமாகச் செய்யவில்லை. அதைத் தவிர எனக்கு வேறு பாடம் இல்லை.

முதல் கொண்டை ஊசி வளைவில் வண்டி ஒரே மூச்சில் திரும்பாது. கொஞ்சம் முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போக வேண்டும். பின்னால் உட்கார்ந்திருந்த யாருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் வருஷக்கணக்காக அதே பாதையில் ஜீப்பில் வந்து போனவர்கள். ஆளுக்கொரு யோசனை இருந்தது.

"ஹேண்டில இந்தப் பக்கம் ஒடி!"

"எந்தப் பக்கம்க்கா?"

"மேட்டுப் பக்கம் தாயி, மேட்டுப் பக்கம்!"

"ஏய், மேட்டுல மோதவா? பள்ளத்துப் பக்கம் ஒடிச்சுட்டு அப்பறம் திருப்பணும்."

"நீதான் ஓட்டுறியா? அந்தப் பிள்ளைய ஓட்ட விடுடி!"

எப்படியோ திரும்பியது. நான் ஒரு கண்ணால் ரோட்டையும் ஒரு கண்ணால் மகளையும் பார்த்தேன். அவள் கண் சொக்கியது.

"எழுப்புங்கக்கா!"

"அது தூங்குற நேரம் தாயி, தூங்குது."

"எழுப்புங்கன்னு சொல்றேன்ல!"

அவர் கன்னத்தைத் தட்டினார். மகள் சிணுங்கினாள். அந்தச் சிணுங்கல் எனக்குப் போதுமானதாக இருந்தது, அடுத்த வளைவு வரை. பிறகு மறுபடி கேட்டேன். மறுபடி தட்டினார். அப்படியே சறுக்குப் பாறைக்கு வந்துவிட்டோம்.

மேலிருந்து பார்க்கும்போது பாறையே தெரியவில்லை. பாதை சட்டென்று முடிந்து, அதற்கப்பால் வெறும் பனிமூட்டம்தான் தெரிந்தது. பெண்கள் இறங்கினார்கள். ஒல்லி அக்கா பின்னாலிருந்து மரக்கட்டையை எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் ஓரத்தில் கிடந்த கற்களைப் பொறுக்கினார்கள். மூக்குத்தி அக்கா மட்டும் மகளோடு முன் சீட்டிலேயே உட்கார்ந்து என்னைப் பார்த்தார். நான்தான் சொல்ல வேண்டும்.

மகளை வண்டியில் வைத்துக்கொண்டால் அவள் என் கண் முன்னால் இருப்பாள். ஆனால் வண்டி போனால் அவளும் போவாள். இறக்கிவிட்டால் எனக்கு என்ன ஆனாலும் அவள் இருப்பாள். ஆனால் யாரோ ஒருவர் கையில், விஷம் ஏறுகிறதா இல்லையா என்று தெரியாமல் இருப்பாள். நான் கீழே வந்து சேராவிட்டால் அவளை யார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள்? இதையெல்லாம் இப்போது வரிசையாக எழுதுகிறேன். அப்போது எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன.

"இறங்குங்கக்கா" என்றேன்.

அவர் இறங்கி, மகளைத் தன் முந்தானைக்குள் சேர்த்து அணைத்துக்கொண்டார். "நான் ஓரமா நடந்து கீழ போயி நிக்கிறேன். நீ வந்து உம் பிள்ளைய வாங்கிக்க" என்றார். பனிக்குள் இறங்கிப் போனார். மகளின் கால் ஒன்று மட்டும் முந்தானைக்கு வெளியே ஆடாமல் தொங்கியது கொஞ்ச நேரம் தெரிந்தது.

வண்டியைப் பாறைமேல் விட்டேன். முதலில் ஆச்சரியமாக இருந்தது. ஊர்ந்தது. யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுவது போல. இருபுறமும் பெண்கள் கல்லோடு நடந்தார்கள். "அப்படித்தான், அப்படித்தான்" என்றார் ஒருவர்.

பாதி இறக்கத்தில் வண்டியின் மூக்கு இன்னும் கீழே கவிழ்ந்தது. நான் பயந்துவிட்டேன். பயம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குப் பழக்கியிருந்தார்கள். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே, சந்தேகமாக இருந்தால் கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதிக்க வேண்டும். நான் சொன்னதைச் சொன்னபடி செய்யும் மாணவி. இரண்டையும் சேர்த்து ஒரே அழுத்தாக அழுத்தினேன்.

பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்த கை விட்டுவிட்டது. அப்படித்தான் உணர்ந்தேன். சக்கரங்கள் நின்றன, ஆனால் வண்டி நிற்கவில்லை. ஈரப் பாறையில் மொத்தமாக வழுக்கியது. மூக்கு பள்ளத்தின் பக்கம் திரும்பியது. என் பக்கத்துச் சன்னலில் மர உச்சிகள் தெரிந்தன. இன்னும் அழுத்தமாக மிதித்தேன். இன்னும் வழுக்கியது.

"அடை போடுங்கடி!"

'தொம்' என்று ஒரு சத்தம். வண்டி குலுங்கிச் சாய்ந்தது. என் கால்கள் இரண்டும் மிதியிலிருந்து தெறித்துவிட்டன. இன்ஜின் ஓர் உதறு உதறிவிட்டு அணைந்தது. பிறகு சத்தமே இல்லை. பாறையில் தண்ணீர் வழியும் சத்தம் மட்டும்.

என் கால்கள் எதிலும் இல்லை. ஆனாலும் வண்டி நின்றது. எனக்குப் புரியவில்லை.

எட்டிப் பார்த்தேன். முன் சக்கரத்துக்கு அடியில் கட்டை. கட்டைக்குக் கீழே இரண்டு மூன்று கற்கள். ஒல்லி அக்கா பாறையில் உட்கார்ந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சிராய்த்து ரத்தம் வந்தது. வழுக்கிக்கொண்டிருக்கும் வண்டியின் முன்னால், பள்ளத்துப் பக்கம் போய்க் கட்டையை வைத்திருக்கிறார்.

"அக்கா, அடிபட்டுருச்சா?"

"எனக்கென்ன, நான் கல்லு மாதிரி இருக்கேன். ஹேண்டில மேட்டுப் பக்கம் திருப்பு. இதுல மட்டும் எங்களுக்குள்ள சண்டை இல்ல."

ஸ்டீயரிங்கை மேட்டுப் பக்கம் திருப்பினேன். அவர்கள் கற்களை நகர்த்தி, கட்டையையும் மெல்ல உருவினார்கள். வண்டி ஒரு விரற்கடை நகர்ந்து தானாகவே நின்றது. "விடு தாயி!" என்றார்கள். சாவியைத் திருப்பினேன். திருப்பும்போது கிளட்சை மிதிக்க மறந்துவிட்டேன். என் காரில் அப்படிச் செய்தால் வண்டி துள்ளிப் பாயும். அதற்காக டிரைவிங் ஸ்கூலில் எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறேன். மறந்துவிட்டேன் என்று உறைக்கும்போது ஜீப் ஏற்கனவே ஊர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கை மறுபடியும் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டுவிட்டது. மறுபடி கிளட்சை மிதிக்கலாமா வேண்டாமா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே பாறை முடிந்துவிட்டது.

கீழே மூக்குத்தி அக்கா நின்றிருந்தார். மகள் அவர் தோளில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, முகத்தைச் சுளித்து, வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் வாந்தியும் எடுத்தாள். குலுங்கி வந்ததில் எடுத்ததா, விஷத்தில் எடுத்ததா? அதுவும் தெரியாது.

குரங்கணி வந்ததும் டீக்கடை முன்னால் ஜீப்பை அப்படியே நடு ரோட்டில் விட்டுவிட்டு இறங்கினேன். மலையேற வந்திருந்த ஒரு குடும்பத்தின் கார் போடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தைதான் சொன்னேன். பின் சீட்டைக் காலி செய்து கொடுத்தார்கள். மூக்குத்தி அக்காவும் இடுப்பில் கட்டிய சாக்கோடும் காய்க்கறை படிந்த விரல்களோடும் என்கூட ஏறிக்கொண்டார். வழி முழுக்க மகளின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். இப்போது நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைப் பார்த்தார். ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி அசையாமல் வைத்தார்கள். விஷம் ஏறியிருந்தால் ரத்தம் உறையாதாம். அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் வந்து அதைச் சாய்த்துப் பார்த்தார். உறைந்திருந்தது. ஆனாலும் மறுநாள் காலை வரைக்கும் வைத்திருந்து, திரும்பத் திரும்ப அதே சோதனையைச் செய்தார்கள். வீக்கம் இல்லை. ஒன்றும் இல்லை.

"அப்ப கடிச்சது பாம்பு இல்லையா டாக்டர்?"

"அப்படியும் சொல்ல முடியாதும்மா. சில நேரம் கடிக்கும், விஷத்த எறக்காது. முள்ளாவும் இருக்கலாம். நீங்க கூட்டிட்டு வந்தது நல்லது."

நான் அவரிடம் எப்படிக் கூட்டி வந்தேன் என்று சொல்லவில்லை.

மகள் எழுந்ததும் கேட்ட முதல் விஷயம், "ஜீப்பு எங்க?"

அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லோரும் பேசினார்கள். கணவர் என்னைத் திட்டவில்லை. ஆனால், "டிரைவர் வர்ற வரைக்கும் இருந்திருக்கலாமே" என்றார். இருந்திருக்கலாம்தான். நான் கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே டிரைவர் அண்ணன் தோட்டத்துக்கு வந்துவிட்டாராம். ஜீப் சத்தத்தைக் கேட்டுப் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறார். காத்திருந்தால் அவரே ஓட்டியிருப்பார். மாமியார் இந்த முறை 'உன் இஷ்டம்' என்றுகூடச் சொல்லவில்லை. மகளை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் புள்ளிகளின் மேல் விரலை வைத்து வைத்து எடுத்தார்.

டிரைவர் அண்ணன் மறுநாள் வீட்டுக்கு வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"பாறையில நின்ன வண்டிய கிளட்ச மிதிக்காம ஸ்டார்ட் பண்ணுனியா? அப்படித்தான் பண்ணணும் தாயி. இறக்கத்துல இன்ஜின்தான் வண்டியப் பிடிச்சு நிக்கும், கிளட்ச மிதிச்சா அந்தப் பிடி போயிரும். அது யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லண்ணே. மறந்துட்டேன்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். "சரி, அதெல்லாம் இருக்கட்டும். எதுக்கு ஜீப்ப எடுத்த? பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஒத்தையடித் தடத்துல எறங்கியிருந்தா, ஜீப்புக்கு முன்னாடி குரங்கணி போயிருக்கலாம்ல?"

ஒத்தையடித் தடமா? எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பறிக்கும் பெண்கள் தினமும் வேலைக்கு வந்து போவது அந்தத் தடத்தில்தானாம். ஜீப்பில் இடம் இருந்தால் மட்டும் ஜீப்.

அடுத்த தடவை தோட்டத்துக்குப் போனபோது மூக்குத்தி அக்காவிடம் கேட்டேன். "ஏங்க்கா, அன்னிக்கு ஒருத்தரும் எங்கிட்ட அந்தத் தடத்தப் பத்திச் சொல்லலையே?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "நீதான் நேரா போயி ஜீப்புல ஏறிட்டியே. முதலாளி வீட்டுப் பிள்ளை, ஓட்டத் தெரிஞ்சுதான் ஏறுதுன்னு நெனச்சோம்."

"எனக்கு ஜீப்பு ஓட்டத் தெரியாதுக்கா. வேற வழி இல்லைன்னு நெனச்சு ஏறினேன். அந்தத் தடத்துலயே போயிருந்தா நல்லா இருந்திருக்கும்ல?"

கொஞ்சம் யோசித்தார். "இருந்திருக்கும். ஆனா மழைக்காலத்துல அங்க ஓடையில தண்ணி வரும். அன்னிக்கு வந்துச்சா, இல்லையான்னு நான் பாக்கல."

ஆக, அவருக்கும் தெரியாது. பாதை தெரிந்த அவர்களை நம்பித்தான் வண்டியை ஓட்டினேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர்கள் என்னை நம்பி ஏறியிருக்கிறார்கள். அந்த ஜீப்பில் என்ன செய்வது என்று தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

ஒல்லி அக்காவின் முழங்கையில் தழும்பு நின்றுவிட்டது. மகளின் காலில் அந்தப் புள்ளிகள் எப்போதோ மறைந்துவிட்டன, எந்த இடம் என்றுகூட இப்போது சரியாகச் சொல்ல முடியாது. எதற்காக அந்த அக்காவுக்குத் தழும்பு விழுந்தது என்று யாராவது கேட்டால், பாம்புக்காக என்று சொல்வதா, முள்ளுக்காக என்று சொல்வதா, என் பயத்துக்காக என்று சொல்வதா? ஒருநாள் அவரிடமே கேட்டேன். "அன்னிக்கு நான் வண்டிய எடுத்தது தப்புன்னு உங்களுக்குத் தோணலையா?"

"தோணுச்சு" என்றார் பறித்துக்கொண்டே. "வண்டி வழுக்கும்போது அதையா யோசிக்க முடியும்? மொதல்ல அடை குடுக்கணும்ல."

இப்போதும் நான் எல்லாவற்றையும் இரண்டு முறை, மூன்று முறை யோசிக்கிறவள்தான். மதியம் மகள் தூங்கினால் ஒருமுறை எழுப்பிப் பார்க்கிறேன். அவள் முகத்தைச் சுளித்துத் திரும்பிப் படுத்த பிறகே எனக்கு மூச்சு வருகிறது. அன்று நான் செய்தது சரியா தப்பா என்பது எனக்குக் கடைசி வரை தெரியப் போவதில்லை. ஆனால் யாராவது தப்பான ஒரு முடிவோடு வழுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், ஏன் அங்கே இறங்கினாய் என்று கேட்க வாய் திறக்கும் முன், என் கை ஒரு கல்லைத் தேடுகிறது.